மலைக்கு டிக்கெட் கிடையாது

என் வாழ்நாளில் ஒரு பந்தைக்கூட நான் ஒழுங்காக உதைத்ததில்லை. உதைத்த ஒன்றிரண்டும் பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் போய் விழுந்தன. ஆனாலும் எழுபதுகளின் நடுவிலிருந்து எண்பதுகளின் நடுவரை, திருவண்ணாமலையில் கால்பந்துப் போட்டி என்றால் என்னைக் கேட்காமல் ஒரு விசில் ஊதப்பட்டதில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை. அடக்கமாகப் பேசுகிறவர்களை எனக்கும் பிடிக்கும். அந்த வேலையை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

சம்பளம் வாங்கி ஆடும் ஒரு குழுவுக்கு நான் மேனேஜர். மேனேஜர் என்றதும் பயிற்சி கொடுப்பவர் என்று நினைக்க வேண்டாம். ஆட்டக்காரர்களை விரட்டி ஓடவிட வேறு ஆள் இருந்தார். என் வேலை கோட்டுக்கு வெளியே இருந்தது. எந்த ஊர் அணியைக் கூப்பிடுவது, எங்கே தங்கவைப்பது, மைதானத்துக்கு அனுமதி, போலீஸ் பந்தோபஸ்து, நோட்டீஸ், மைக், டிக்கெட், சோடாக் கடை, கடைசி நாளில் தலைமை விருந்தினர் கழுத்தில் விழும் மாலை வரை எல்லாம் என் தலையில். பந்து கோலுக்குள் போவது ஒன்றுதான் என் பொறுப்பில் இல்லை. இந்தக் காலத்தில் இதே வேலையைக் கோட்டு போட்டுக்கொண்டு கண்ணாடி அறையில் உட்கார்ந்து பார்க்கிறார்களாம். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் பார்த்தேன்.

குழுவை நடத்தியவர் ஒரு வேர்க்கடலை மண்டி முதலாளி. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை மண்டி என்போம். கீழ்பென்னாத்தூர் பக்கத்து வண்டிகள் பாதி அவர் வாசலில்தான் வந்து நிற்கும். படிக்கிற காலத்தில் வேலூரில் பந்தாடியவர், முழங்கால் போனதால் நிறுத்தியவர், ஆசையை மட்டும் நிறுத்தவில்லை. நன்றாக ஆடுகிற பையன் எந்தக் கிராமத்தில் இருந்தாலும் கூட்டிவந்து மண்டியில் எடை போடுகிறவன், லாரிக்குக் காவல், மூட்டை தைக்கிறவன் என்று ஏதாவது ஒரு பேரில் மாதச் சம்பளம் போட்டுவிடுவார். காலையில் பயிற்சி, பகலில் மண்டி, சாயங்காலம் ஆட்டம். நான் அந்த மண்டியின் கணக்குப்பிள்ளை.

கணக்குப்பிள்ளை மேனேஜரான கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் பெங்களூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை அணி ஒன்று வந்திருந்தது. கோயில் ஊர் என்பதால் வருகிறவர்களைச் சத்திரத்தில்தான் தங்கவைப்போம். சத்திரத்தில் கறி நுழையக் கூடாது. முதல் வேளை சாம்பாரைச் சமாளித்தவர்கள், இரண்டாம் வேளை கூட்டைப் பார்த்ததும் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். கறி இல்லாமல் ஓட முடியாதாம். முதலாளி கையைப் பிசைந்தார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பிரியாணிக் கடைக்குப் போனேன். மைதானத்தில் கடை போட உங்களுக்கு மட்டும் இடம், பதிலுக்கு இவர்களுக்கு மூன்று வேளையும் சாப்பாடு என்று பேசி முடித்தேன். மண்டி லாரி அவர்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வந்தது. சத்திரத்துக்கும் தீட்டு இல்லை, எங்களுக்கும் செலவு இல்லை. மறுநாள் முதலாளி என்னைக் கணக்கு மேஜையிலிருந்து எழுப்பி, "யோவ், இனிமே நீ மூட்டையை எண்ண வேணாம். ஆட்டத்தைப் பாத்துக்க," என்றார்.

அதே மாதம் தாலுகா ஆபீசில் எழுத்தர் வேலைக்கு எனக்கு உத்தரவு வந்தது. நான் போகவில்லை. என் மாமனார் வீட்டில் அதற்காக ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. என் மனைவி பேசினாள், அதுதான் இன்னும் கஷ்டம். காய்கறிக்காரம்மா, "உங்க வூட்டுக்காரரு என்னா வேலை பண்றாரு?" என்று கேட்டால், "பந்துக்குக் காத்தடிக்கிறாருங்க," என்று முகத்தை மாற்றாமல் சொல்வாள். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

தை பிறந்து கையில் நாலு காசு புரளும் நேரத்தில் எங்கள் போட்டி நடக்கும். மைதானம் ஊரின் மேற்கு ஓரத்தில், மலையை ஒட்டி இருந்தது. நாலரை மணிக்கு ஆட்டம் தொடங்கும்போது வெயில் மலைக்கு மேலே நின்றுகொண்டு நேராகக் கிழக்கே அடிக்கும். கொஞ்சம் புத்தி உள்ள எவனும் பெரிய மனிதர்களின் நாற்காலியை மேற்குப் பக்கம் போட்டு, வெயில் முதுகில் படும்படி உட்காரவைப்பான். எங்கள் ஊரில் அது நடக்காது. மலைதான் எங்களுக்குச் சாமி. சாமிக்கு முதுகு காட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து உட்காருவதா? அதனால் நாற்காலிகள் எல்லாம் கிழக்கில், மலையைப் பார்த்து. ரைஸ்மில் முதலாளி, டாக்டர், வக்கீல் எல்லோரும் கையை நெற்றியில் குடையாகப் பிடித்துக்கொண்டு முதல் பாதி ஆட்டத்தைப் பார்ப்பார்கள். எதிர்ப்பக்கக் கோட்டில் கடைக்காரர்களின் தகர போர்டுகளை அவர்கள் பார்வைக்கு வரிசையாக நட்டு வைத்திருப்போம்.

மலை எங்களுக்குச் சாமி மட்டும் இல்லை, தலைவலியும்தான். மைதானத்தைச் சுற்றி ஓலைத் தட்டி கட்டி, ஒரு வாசல் வைத்து, டிக்கெட் கிழிப்போம். டிக்கெட் வாங்க மனமில்லாதவன் சும்மா நாலு எட்டு மேலே ஏறி ஒரு பாறையில் உட்கார்ந்தால் போதும். முழு மைதானமும் தாம்பாளத்தில் வைத்த மாதிரி தெரியும். தட்டியை இன்னும் கொஞ்சம் உயர்த்தினால் அவர்கள் இன்னும் கொஞ்சம் ஏறினார்கள். வருடா வருடம் உள்ளே கூட்டம் கம்மி, மேலே கூட்டம் ஜாஸ்தி.

நான் சொல்ல வந்த வருடம் எழுபதுகளின் கடைசியில். மழை இரண்டு பருவமாகப் பொய்த்திருந்தது. மண்டி வாசலில் வண்டிகள் குறைந்துவிட்டன. பொங்கலுக்கு முந்தின வாரம் முதலாளி என்னையும் குழுவின் கேப்டனையும் கூப்பிட்டார். கேப்டன் அடி அண்ணாமலை கிராமத்துக்காரன். மண்டியில் சேர்வதற்கு முன்னால் கல் உடைத்துக்கொண்டிருந்தவன். அவனைத் தாண்டிப் பந்து கோலுக்குப் போவது அபூர்வம்.

"இந்த வருஷம் போட்டி தன் கால்ல நிக்கணும்," என்றார் முதலாளி. "என் கைக்காசு இனிமே வராது. நிக்கலைன்னா போட்டியோட குழுவைக் கலைச்சிடறேன். எனக்கு வேற வழி தெரில."

வெளியே வந்ததும் கேப்டன் கேட்டான்: "ஏண்ணா, கலைச்சிடுவாரா?"

"சும்மா சொல்றாரு," என்றேன்.

"சும்மா சொல்ற ஆளு இல்லண்ணா அவரு. பசங்க கிட்ட சொல்லாத. காலு ஓடாது அவங்களுக்கு."

நானும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பதினொரு குடும்பத்து அடுப்பு என் கையில் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. குழு போனால் அவன் மறுபடி சம்மட்டியைத் தூக்க வேண்டும். நான் மறுபடி மூட்டை எண்ண வேண்டும், அதுவும் மூட்டை வந்தால்.

எங்கள் ஊரில் எதையும் ஏலம் விடுவது வழக்கம். சைக்கிள் ஸ்டாண்டு ஏலம், செருப்பு விடும் இடம் ஏலம், ரோட்டோரப் புளியமரத்துப் புளி ஏலம், மாட்டுச்சந்தை ஏலம். முன்பணம் கையில் வந்துவிடும், வசூல் எடுத்தவன் பாடு. அந்த வருடம் நானும் மைதானத்தின் வாசலை ஏலம் விட்டேன். எடுத்தவர் மாட்டுச்சந்தைக் குத்தகைக்காரர். நல்ல தொகைக்கு எடுத்தார். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் எங்களுக்கு அந்தத் தொகை உறுதி. முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

முதல் நாள் ஆட்டத்தில் குத்தகைக்காரர் வாசலில் நின்று மலையை அண்ணாந்து பார்த்தார். தலைகளைக் கண்ணால் மேய்ந்தார். அவருக்குச் சந்தைச் சட்டம்தான் தெரியும். சந்தைக்குள் மாட்டை ஓட்டிவராமல் வெளியே மரத்தடியில் நிறுத்தி விற்றாலும் சுங்கம் உண்டு, அதுதான் அவர் படித்த பாடம். எங்கிருந்து பார்த்தாலும் ஆட்டம் ஆட்டம்தானே என்று கணக்குப் போட்டிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே வாயை அடைத்திருப்பேன்.

இரண்டாம் நாள் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது அவருடைய ஆட்கள் நாலு பேர் டிக்கெட் புத்தகத்தோடு மலையில் ஏறினார்கள். அதுவும் செருப்புக் காலோடு. கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மேலேயிருந்து ஒரு பெரியவரின் குரல் மைதானம் வரை வந்தது.

"மலை மேல உக்கார டிக்கெட்டா? யாருகிட்டடா ஏலம் எடுத்தீங்க? சாமிகிட்டயா?"

அவ்வளவுதான். ஒரு பக்கத்திலிருந்து "அண்ணாமலையாருக்கு" என்று யாரோ குரல் கொடுக்க, மலைச்சரிவு முழுக்க "அரோகரா" என்றது. மறுபடி, மறுபடி. மைதானத்தில் எங்கள் பையன்கள் சாமி புறப்பாடு ஏதோ என்று நினைத்து, பந்தை விட்டுவிட்டு மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வெளியூர் அணி என்ன செய்வதென்று தெரியாமல் அவர்களும் கும்பிட்டார்கள். வேலூரிலிருந்து வந்த நடுவர் விசிலை வாயில் வைத்தபடி என்னைப் பார்த்தார். டிக்கெட் ஆட்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பாறை பாறையாகக் குதித்து இறங்கி வந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

மூன்றாம் நாள் ஊர் எங்களைத் தள்ளிவைத்துவிட்டது. மலையில் ஓர் ஆள் இல்லை. மலையில் இல்லாவிட்டால் போகட்டும், மைதானத்துக்குள்ளும் இல்லை. டிக்கெட் வாங்கி வருகிறவர்களின் வீட்டு ஜனங்கள்தானே மேலே உட்கார்ந்திருந்தவர்கள். சுண்டல்காரர் கூடையைத் திறக்காமலே திரும்பிப் போனார். எங்கள் குழு ஜெயித்தது, கை தட்டியவன் நான் ஒருவன்தான். கேப்டன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அன்று மாலையே குத்தகைக்காரர் மண்டிக்கு வந்து, குத்தகையை விட்டுவிடுகிறேன், கட்டின பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஆளை விடுங்கள் என்றார். கெஞ்சுகிற நிலையில் அவர் இருந்தார். அவருடைய சந்தைக்கு மாடு கொண்டுவருகிறவர்களும் அதே ஜனங்கள்தானே. முதலாளி அவரைத் திட்டவில்லை, பணத்தை எண்ணிக் கொடுத்தார். என்னைப் பார்த்து, "ஃபைனல் வரைக்கும் எப்படியாவது ஓட்டு. அதோட மூடிக்கலாம்," என்றார். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இல்லை.

மறுநாள் ஆட்டம் கிடையாது. பகலில் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். என் மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, மலை மேல வந்து டிக்கெட் கேட்டாங்களே, உங்களுக்குத் தெரிஞ்சா வந்தாங்க?"

"எனக்கு எதுவும் தெரியாது. உனக்கு யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? நான்தான் அங்க உக்காந்திருந்தேனே."

கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. தெருப் பெண்களோடு மலையில் உள்ள குகைக் கோயிலுக்குப் போய்விட்டு, இறங்கும்போது பாறையில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்துவிட்டு வருவது வழக்கமாம். ஒரு வருடம் இரண்டு வருடமாக இல்லை, நான் மேனேஜரான நாளிலிருந்து. எங்கள் கோல்கீப்பர் இடது பக்கம் விழப் பயப்படுகிறான் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது.

"உள்ள வந்திருக்கலாமே. பாஸ் குடுத்திருப்பேனே," என்றேன்.

"அங்க எப்டிங்க வர்றது? பீடிப் புகையும் கெட்ட வார்த்தையும். ஒரு பொம்பள உண்டா அங்க? மேல வந்து பாருங்க. பாதிக்குப் பாதி பொம்பளைங்கதான். புள்ளைங்கள வெளையாட வுட்டுட்டு, முறுக்கத் தின்னுக்கினு, எவ்ளோ நிம்மதியா பாக்குறோம்." பிறகு மோரை எடுத்து வைத்தாள். "ஆனா ஒண்ணுங்க. அந்த போர்டுங்கள்ல என்னாதான் எழுதியிருக்குதுன்னு எங்களுக்கு ஒரு நாளும் தெரில. தகரத்தோட முதுகுதான் தெரியுது."

மோருக்கு நான் காத்திருக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு நேராக மலைக்குப் போனேன். செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறி, அவள் சொன்ன பாறையில் உட்கார்ந்தேன். கீழே காலி மைதானம். மேற்குக் கோட்டில் வரிசையாகத் தகரத்தின் முதுகுகள், துருவும் ஆணியுமாக. கிழக்கே இருபது நாற்காலிக்காக நாங்கள் எழுதி வைத்ததை, இங்கே ஊரே உட்கார்ந்து பின்பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. டிக்கெட் வாங்காத கூட்டம் என்று நான் கரித்துக்கொட்டிய கூட்டம்தான் என்னிடம் இருந்த ஒரே சரக்கு. விற்கத் தெரியாமல் தட்டி கட்டி மறைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவியை நினைத்து எனக்கு வந்த பெருமையை அன்று அவளிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்: அந்த மைதானத்தில் என்னைவிடப் பெரிய மூளை பாறை மேல் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தது.

முதலில் கூட்டம் திரும்பி வர வேண்டும். குத்தகைக்காரரைப் போய்ப் பிடித்தேன். "மலையில ஏறி நீங்க ஏத்தின கோவத்தை நீங்கதான் இறக்கணும்," என்றேன். அவரும் பயந்துபோயிருந்தார். அரை இறுதி அன்று காலையிலேயே மலை அடியில் தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றி, பெரிய அண்டாக்களில் நீர்மோர் கரைத்து வைத்து, தானே சொம்பை எடுத்து வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றினார். ஜட்காவில் மைக் கட்டி ஊர் முழுக்க நான் சொல்லிக்கொண்டு போனேன்: மலைக்கு டிக்கெட் கிடையாது, என்றைக்கும் கிடையாது, குடும்பத்தோடு வாருங்கள். மைதானத்தின் மேற்குப் பக்கத் தட்டியை முழுசாகப் பிரித்துப் போடச் சொன்னேன். அதைப் பார்த்த முதலாளி, "உனக்கு என்னாய்யா ஆச்சு? இருக்கிற டிக்கெட்டும் போச்சே," என்றார். ஃபைனல் வரை எதுவும் கேட்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். மூடப்போகிற கடைதானே என்று விட்டுவிட்டார்.

மதியம் மூன்று மணியிலிருந்தே மோர் குடித்த கையோடு ஜனம் ஏற ஆரம்பித்தது. நான் ஜவுளிக்கடைக்காரரையும், எவர்சில்வர் பாத்திரக் கடைக்காரரையும், காப்பிப்பொடிக் கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். பெரிய மனிதர் நாற்காலி கிடைக்கும் என்று நினைத்து வெள்ளைச் சட்டையில் வந்தார்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி மலையில் ஏற்றினேன்.

"ஆம்பளைங்க பாக்குற ஆட்டத்துக்கு எனக்கு எதுக்கு நைனா போர்டு? எனக்குப் பொடவைதான யாவாரம்," என்று வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தார் ஜவுளிக்கடைக்காரர்.

"திரும்பிப் பாருங்க," என்றேன்.

திரும்பினார். சரிவெல்லாம் புடவைகள். பாதி அவர் கடையில் எடுத்தவை. சில பெண்கள் அவரை அடையாளம் கண்டு, "அண்ணா, சாயம் போச்சே," என்று அங்கேயே நியாயம் கேட்டார்கள். அவர் முனகல் நின்றுவிட்டது. இடைவேளை முடிவதற்குள், நடுவில் யார் போர்டு வருவது என்று அவருக்கும் பாத்திரக் கடைக்காரருக்கும் சண்டை மூண்டது. நான் இடையில் புகவில்லை. சண்டை முற்றட்டும் என்று முறுக்கு வாங்கித் தின்றேன். விஷயம் கேள்விப்பட்டு மறுநாள் பஸ் முதலாளி ஆள் அனுப்பினார். உரக்கடை, ரைஸ்மில், சோடாக் கம்பெனி எல்லாம் தானாக வந்தன.

அந்த அரை இறுதியில் எங்கள் குழு ஜெயித்து ஃபைனலுக்கு வந்தது. போர்டு எழுதச் சில நாள்தான் இருந்தது. அவ்வளவு தூரத்துக்குத் தகரம் போதாது, எழுத்து ஆள் உயரம் இருக்க வேண்டும். மண்டியில் சும்மா கிடந்த கோணிகளைப் பிரித்து, மூட்டை தைக்கிற எங்கள் ஆட்டக்காரர்களையே விட்டுப் படுதாக்களாகத் தைத்தோம். சுண்ணாம்பும் வச்சிரப் பசையும் கலந்து பூசிக் காயவைத்து, சினிமா பேனர் எழுதுகிறவரை வைத்து நீலத்திலும் சிவப்பிலும் எழுதினோம். சென்டர் ஃபார்வர்டு தைத்த படுதாவில் தையல் கொஞ்சம் கோணல். பரவாயில்லை, அவன் கோல் நேராக அடிப்பான். கிழக்கே, நாற்காலிகளுக்குப் பின்னால், சவுக்குக் கம்பம் நட்டு, எல்லாவற்றையும் மலையைப் பார்த்துக் கட்டினோம்.

ஃபைனல் அன்று முதலில் வந்தவர் கோப்பை கொடுக்கும் ரைஸ்மில் முதலாளி. வருடா வருடம் நடு நாற்காலி அவருடையது. உட்கார்ந்தார், எதிரே பார்த்தார், போர்டைக் காணவில்லை. கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார், தலைக்கு மேலே அவர் மில்லின் பெயர் மலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

"என்னாய்யா மேனேஜரே, காசு குடுத்தவன் கண்ணுக்கே தெரியாம பின்னால கட்டி வச்சிருக்க?"

"ஐயா, நாமளே மலைக்கு முதுகு காட்டக் கூடாதுன்னு வெயில்ல கண்ணைச் சுருக்கிக்கிட்டு உக்காந்திருக்கோம். இத்தனை வருஷம் உங்க மில்லு பேரு மட்டும் மலைக்கு முதுகு காட்டி நின்னுச்சே, அது சரிங்களா?"

அவர் எழுந்து நின்றார். பிறகு மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்து நாற்காலிகளும் போட்டுக்கொண்டன. அந்தப் பதில் முன்கூட்டி யோசித்தது இல்லை, வாயில் தானாக வந்தது. இத்தனை வருட வேலையில் நான் பேசியதிலேயே எனக்கு மிகவும் பிடித்த பேச்சு அதுதான்.

நாலு மணிக்கு மலையில் பாறை தெரியவில்லை. அடிவாரத்திலிருந்து கண்ணுக்கு எட்டிய உயரம் வரை ஆட்கள். ரமணாசிரமம் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள்கூட வந்து, யாரோ கொடுத்த சுண்டலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் முதலாளி கொஞ்சம் தாமதமாக வந்தார். தட்டியில்லாத மைதானத்தையும், எதிரே மலையையும் பார்த்தவர், நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. ஆட்டம் முடியும் வரை நின்றுகொண்டேதான் இருந்தார்.

ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். எதிரணி அதே பெங்களூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை அணி, வழக்கம்போலப் பஸ் ஸ்டாண்டுப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள். கடைசி நேரத்தில் ஒரே ஒரு கோல், அதுவும் இடது பக்கம். என் மனைவி மேலே நெற்றியில் அடித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். ஆனால் ஆட்டம் முடிந்ததும் மலையில் யாரும் எழுந்து போகவில்லை. எங்கள் பையன்கள் மைதானத்தை விட்டு வெளியே வரும் வரை கை தட்டிக்கொண்டே இருந்தார்கள். அவ்வளவு பெரிய கைதட்டலை அந்த ஊரில் அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

கேப்டன் கோட்டோரம் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக்கூட இல்லை. தோற்றதோடு எல்லாம் முடிந்தது என்று அவனுக்கு நினைப்பு. மற்ற பையன்கள் ஒன்றும் தெரியாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன். போர்டுகளில் வந்தது செலவுக்கு மேலேயே நின்றது என்று எனக்குத் தெரியும். ஆனால் முடிவு சொல்ல வேண்டியவர் நான் இல்லையே.

முதலாளி மெதுவாக எங்களிடம் வந்தார். கிழக்கே கட்டியிருந்த படுதாக்களைப் பார்த்தார்.

"யோவ், அந்த பேனர்காரரு கிட்ட சொல்லு. அடுத்த வருஷத்துக்கு நம்ம மண்டி பேருல ஒண்ணு எழுதணும். நடுவுல வரணும்."

கேப்டன் தலையைத் தூக்கினான்.

"அடுத்த வருஷத்துக்குங்களா?" என்றேன் நான். "நடுவுல இல்லீங்க மொதலாளி. ஓரத்துலயும் இல்லீங்க. அடுத்த வருஷத்துக்குக் காலையிலயே கடைக்காரங்க எல்லா எடத்தையும் சொல்லி வச்சிட்டாங்க."

அவர் என்னை முறைத்துப் பார்த்தார். "என் குழு, என் கோணி, எனக்கே எடம் இல்லியா?"

"அடுத்த வருஷம் இல்லீங்க. அதுக்கு அடுத்த வருஷம்னா பாக்கலாம்."

முதலாளி சிரிக்க ஆரம்பித்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். கேப்டன் சிரிக்கவில்லை. "அதுக்கு அடுத்த வருஷம்," என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். பிறகு முகத்தை ஜெர்சியில் புதைத்துக்கொண்டு, ஊர் பார்க்க அழுதான்.